பயந்த கோளாறு

வரிசையில் முன்னாலும் பொம்பளைகள், பின்னாலும் பொம்பளைகள்; மீசை வைத்த ஆள் பலவேசம் ஒருத்தன்தான். தலையில் துண்டைப் போட்டு முகத்தை முக்கால்வாசி மூடிக்கொண்டு, தோளில் மகளைச் சாய்த்துக்கொண்டு, பள்ளிவாசல் மதிலோடு மதிலாக ஒட்டி நின்றான். வெயில் இறங்கியாச்சு, மழையும் இல்லை, பனியும் இல்லை, இந்த நேரத்தில் எவன் தலையில் துண்டு போடுவான்? களவாணி போடுவான். சரி, களவாணி என்றே நினைக்கட்டும், பலவேசம் என்று தெரியாமல் இருந்தால் போதும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை. டீக்கடை பெஞ்சில் கார்த்தீசன் உட்கார்ந்திருக்கிறான், கையில் போன். கோயில், சாமி என்று இவர்கள் தெருவில் நடத்துகிற அமைப்பில் இவனுக்கு அடுத்தபடி அவன்தான். கூட்டத்துக்கு மைக் செட் பிடிப்பதிலிருந்து வெடி வாங்குவது வரைக்கும் அவன் பொறுப்பு, கண்ணில் பட்டதையெல்லாம் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதும் அவன் பொறுப்பு. அவன் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. முத்துமாலையம்மா, அவன் டீயில் ஈ விழட்டும், கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கட்டும், போனில் ஏதாவது கிரிக்கெட்டைக் காட்டு தாயே. பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டு அம்மனை வேண்டுகிறோமே என்று தோன்றத்தான் செய்தது. தோன்றி என்ன செய்ய, அவசரத்துக்கு எந்தப் பேர் வாயில் வருகிறதோ அதுதானே வரும். உள்ளே பாங்கு சொல்லி முடித்து தொழுகை தொடங்கிவிட்டது. அந்தி நேரத்து மஹ்ரிபு தொழுகை ரொம்ப நேரம் போகாது என்று பலவேசத்துக்குத் தெரியும். தெரியாமல் என்ன, மோட்டார் ரிப்பேர்தானே அவன் பிழைப்பு, இந்தப் பள்ளிவாசல் மோட்டாருக்குக் காயில் கட்டினதே அவன்தான், எத்தனை சாயங்காலம் உள்ளே கால் கழுவுகிற தொட்டிப் பக்கம் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். இப்போதும் மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. பேரிங் தேய்ந்துபோய்க் கரகரக்கிறது. முன்னே என்றால் ஆள் அனுப்பியிருப்பார்கள், இவனும் போன கையோடு சரி செய்திருப்பான். கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்?

தோளில் பிள்ளை அசைந்தாள். பலவேசம் அப்படியே சிலையாகிவிட்டான். தன்ஷிகா என்று பெயர். அவன் பெண்சாதி வடிவு ஆசைப்பட்டு வைத்த பெயர், யார் வாயிலும் நுழையாமல் வீட்டில் பாப்பா என்றே நின்றுவிட்டது. ஒன்றரை வயசு. நாலஞ்சு நாளாக இதே பாடுதான். கண் சொருகும், இதோ தூங்கிவிட்டாள் என்று நினைக்கும்போதே உடம்பு தூக்கிப்போடும், ரெண்டு கையும் காற்றில் எதையோ பிடிக்கப் பாயும், அப்புறம் வீல் என்று ஒரு அலறல். அந்த அலறலில் முகம் நீலம் பாரித்துப் போகும். டாக்டர் காதில் டார்ச் அடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஒண்ணுமில்லை, பயந்திருக்கா, சரியாயிரும் என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். சிரப் குடித்தால் தூங்குகிறாள். தூங்கினால்தானே தூக்கிப்போடுகிறது! கோயிலுக்குத் தூக்கிப் போனால் பூசாரி திருநீறு போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பயந்த கோளாறுடே. அப்படியே சாய்ங்காலம் பள்ளிவாசல்ல கொண்டு நிறுத்தி ஒரு ஊது வாங்கிரு" என்கிறார். போன வாரக் கூட்டத்தன்று மேடையில் இவனுக்குப் பக்கத்தில் மாலை போட்டு உட்கார்ந்திருந்த அதே பூசாரி. ஊர்ப் பழக்கம் அப்படி. பிள்ளை பதறினாலும் சோறு தள்ளினாலும், எந்தத் தெருவானாலும் எந்தச் சாமியானாலும், பொம்பளைகள் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலில் வந்து நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் வாய்க்குள் ஏதோ ஓதி, உச்சந்தலையில் ஃபூ என்று ஊதிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது கிடையாது. இவனையும் இவன் அம்மா தூக்கிவந்து நிறுத்தியிருக்கிறாள், அந்தக் காற்று நெற்றியில் பட்டுக் கண்ணை மூடிக்கொண்டது இவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. வடிவு போய்விட்டு வருவாள் என்றுதான் நினைத்தான். அவள் அரிசி களைந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "நான் போவமாட்டேன். பொம்பளைக போவக் கூடாதுன்னுதான மைக்குல சொன்னிய? ஆம்பளை போவக் கூடாதுன்னு சொல்லலைல்லா? நீங்க கொண்டு போங்க" என்றாள். "ஏளா, நான் போயி நின்னா நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்று கேட்டான். "அந்த நாலு பேரையும் வரச்சொல்லுங்க. ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தூக்கிட்டு நடக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். அவள் சும்மா சொன்னாள், சொல்லிவிட்டுக் களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போய்விட்டாள்.

மைக்கில் சொன்னிய. ஆமாம், சொன்னான். ஆனால் அதைச் சொல்லவேண்டும் என்று மேடை ஏறவில்லை, அது சத்தியம். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்லுவான். சாக்கடையைப் பற்றிப் பேசத்தான் ஏறினான். தெருச் சாக்கடை தூர் வாராமல் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, கொசு பிடுங்குகிறது, மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது என்று அருமையாகத்தான் தொடங்கினான். ஒரு ஆள் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒருத்தன் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவிதான், யோசித்துப் பார்த்தால் அந்தக் கொட்டாவிதான் எல்லாத்துக்கும் காரணம். மேடையில் நிற்கிறவனுக்குக் கீழே ஒருத்தன் கொட்டாவி விட்டால் ஒரு பயம் வரும் பாருங்கள், அது வந்தது. கார்த்தீசன் மேடை ஓரத்திலிருந்து கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறான், ஏத்துங்கண்ணே, ஏத்துங்க என்று. அப்போதுதான் பள்ளிவாசல் பக்கம் கண் போனது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நம்ம பொம்பளைக எவளும் இனி அந்த வாசல்ல போய் நிக்கப்படாது என்று வாய் சொல்லிவிட்டது. பட்டென்று நாலு கைத்தட்டு. அடடா. சாக்கடைக்குத் தட்டாத கை இதற்குத் தட்டுகிறதே! அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் உடம்பே லேசாகிப் போனது, தொண்டை தன்னால் திறந்துகொண்டது, அடுத்த வாக்கியம் முந்தினதைவிடப் பெரிசாக வந்தது. அடுத்த வாக்கியம் என்ன? அது வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். அது வந்ததும் கூட்டமே எழுந்து நின்றது, அவ்வளவு போதும். பூசாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். கார்த்தீசன் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டான். தெரு முழுக்கப் புகை, காது கொய்ங் என்றது, இவன் சிரித்துக்கொண்டே நாலா பக்கமும் கும்பிட்டான். மேடைக்கு நேர் எதிரே இவன் வீட்டு மொட்டைமாடி. அங்கே வடிவு பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். கும்பிடு போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது, அவள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கீழே ஓடுவது தெரிந்தது. புகைக்குப் பயந்து ஓடுகிறாள் என்று அப்போது நினைத்தான்.

"ஏண்ணே, பயந்த கோளாறா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடுப்பில் பையனும் கையில் ஒரு பாட்டில் தண்ணீருமாக ஒருத்தி. பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் தூள் ஏறிக் கறுத்திருந்தது. இந்தத் தெருக்காரி இல்லை. இவன் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைச் சன்னமாக வைத்து, "ம்ம்" என்றான். மைக்கில் பேசின குரலாயிற்றே, தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்த குரலாயிற்றே. "வீட்டுல வரலையாக்கும்?" "அவளுக்கு மேலுக்குச் சரியில்லை" என்று ஒரு பொய். "என் பய மூணு நாளா வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்கான். நேத்தும் வந்து நின்னேண்ணே. ஒருத்தரும் ஊதலை. தலையைக் குனிஞ்சுட்டு விறுவிறுன்னு போயிட்டாவ." "ஏன்?" என்று கேட்டான், கேட்டிருக்க வேண்டாம். "எவனோ ஒருத்தன் மைக்கைப் புடிச்சுக் கத்துனாம்லா? அதுல இருந்துதான். நம்ம ஊதி, பொறவு பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையில கட்டிருவானுவ, வம்பு வேண்டாம்னு பெரியாட்கள் பேசி வச்சுருக்காவளாம். அவன் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க. அவனுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்குமா, இருக்காதாண்ணே?" பலவேசம் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, "இருக்கும்" என்றான். "இருந்தா இப்படிப் பேசுவானா?" என்று அவள் விடவில்லை. ஏன் பேசுவான் என்று அவனுக்கே விளங்கினால் சொல்லலாம். கொட்டாவி விட்டார்களம்மா, அதனால் பேசினான் என்று சொன்னால் காறித் துப்புவாள். அவள் துப்பினால் வாங்கிக்கொள்ளலாம். நேற்று ஒருத்தரும் ஊதவில்லை என்றாளே, அதற்கு என்ன செய்வது? இன்றைக்கும் ஊதாவிட்டால்? இவ்வளவு வெட்கத்தையும் சுமந்துகொண்டு வந்து நின்று, கார்த்தீசன் கண்ணுக்குத் தப்பி, ஊது கிடைக்காமல் திரும்பிப் போய், மறுபடி ராத்திரி அந்த அலறலைக் கேட்பதா?

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பிள்ளையின் மூச்சு கழுத்தில் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு இருக்கிறதே, அதுதான் அந்த ரெண்டாவது வாக்கியத்தைக் கொண்டுவந்து காட்டிக்கொடுத்துவிட்டது. அவங்க மூச்சு நம்ம பிள்ளைக மேல படப்படாது. அதுதான் சொன்னான். சொல்லி, ஒரு தடவை போதாது என்று மறுபடி கையை ஓங்கிச் சொன்னான், அவங்க மூச்சுக்காத்து. உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, மூச்சு என்று ஏன் வந்தது? சவத்துப் பய வாய்க்கு வேறு கிடைக்கவில்லையா? பாங்கு சொல்லுவதற்குக் கொஞ்சம் முன்னால் இல்யாஸ் வெளியே வந்து இந்த வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனான். இல்யாஸுக்கு இவன் வயசுதான், பஜாரில் செல்போன் கடை. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பிறகு எல்லாத்தையும் சுத்தமாகச் செய்யவேண்டும் என்பவன். "அம்மா, வீட்டுக்குப் போங்க. இப்படி வரிசையில நின்னு ஊதி வாங்குறதெல்லாம் மார்க்கத்துல கிடையாது. படைச்சவன்கிட்ட நேராக் கேளுங்க, அவன் குடுப்பான்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், மனசாரத்தான் சொன்னான். அவன் கண்ணைப் பார்த்தபோது பலவேசத்துக்கு எங்கேயோ பார்த்த கண்ணாக இருந்தது; எங்கே என்று யோசித்தால், கூட்டத்துப் போட்டோவில் தன் முகத்தில் பார்த்த கண். இவன் கூடாது என்கிறான், அவன் கிடையாது என்கிறான். ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிக்கொண்டது இல்லை, ஆனால் முடிவு மட்டும் ஒண்ணாக எடுத்திருக்கிறார்கள், நடுவில் இந்த வாசல் போய்விட்டது. பேசிக்கொண்டது இல்லையா? பலவேசம், பொய் சொல்லாதே. கொரோனாவில் அம்மா மூச்சு விட முடியாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியபோது, சொந்தக்காரன் ஒருத்தனும் வாசல் மிதிக்காதபோது, ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தது யார்? அவ்வளவு ஒடுக்கமான படியில் சிலிண்டர் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு பெயர்ந்தது, அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. அம்மா முகத்தில் மாஸ்க்கை மாட்டி, "பெரியம்மா, நல்லா இழுத்து விடுங்க, இழுத்து விடுங்க" என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான் இல்யாஸ். அவனுக்கும் அந்த நோய் ஒட்டும் என்று அவனுக்குத் தெரியாதா? அம்மா அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் இருந்தாள். தினம் அந்தப் படி வழியாகத்தான் ஏறி இறங்குகிறான் இவன், மேடைக்குப் போன அன்றும் அதே படியில்தான் இறங்கிப் போனான். பார்க்கவில்லையா என்றால் பார்த்தான். பார்த்தது வேறு, மைக் வேறு என்று எப்படியோ ரெண்டும் தனித்தனியாக உள்ளே கிடந்திருக்கின்றன.

உள்ளே சலசலப்பு கேட்டது. தொழுகை முடிந்துவிட்டது. வரிசை ஒரு தடவை குலுங்கி நேராக நின்றது. பொம்பளைகள் பிள்ளைகளை இடுப்பிலிருந்து தூக்கித் தோளுக்கு மாற்றினார்கள், அந்த பீடிக்காரப் பெண் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டாள். முதலில் ரெண்டு இளவட்டங்கள் வந்தார்கள், பார்க்காத மாதிரி போய்விட்டார்கள். சரி, சின்னப் பயல்கள். அப்புறம் நாலைந்து பேர், அப்புறம் கூட்டமாக. தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே ஒருத்தர், செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தபடியே ஒருத்தர். ஒரு பெரியவருக்கு, முன்னால் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் உதடு அசைந்துவிட்டது. அசைந்த உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு அவரும் போனார். எல்லாரும் தெரிந்த முகம். இவன் மோட்டார் கட்டிக் கொடுத்த வீடுகள். கோபக்காரர்கள் மாதிரி ஒருத்தர் முகமும் இல்லை, பயந்த முகமாக இருந்தது, அது இன்னும் மோசம். மகள் முகத்தில் ராத்திரி பார்க்கிற அதே பயம், வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வரிசையாகப் போகிறது. இல்யாஸ் படியில் நின்று எல்லாரையும் வழியனுப்பிக்கொண்டிருந்தான். பலவேசத்துக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. கேட்டது கிடைத்தாயிற்று அல்லவா? அவங்க மூச்சு நம்ம பிள்ளைக மேல படவில்லை. இப்போது கை தட்ட வேண்டியதுதானே, பத்தாயிரம் வாலாவைக் கொளுத்த வேண்டியதுதானே! கூட்டம் மெலிந்துகொண்டு வந்தது. கடைசியாக மைதீன்பிச்சை மாமா இறங்கினார். ரப்பர் செருப்புக் கடைக்காரர், பல் போன வாய், இவன் சின்னப் பிள்ளையில் அம்மா இடுப்பில் இருந்தபோதே கிழவராகத் தெரிந்தவர்; வந்தவர் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். அவரும் போய்விட்டால் அவ்வளவுதான், உள்ளே பாங்கு சொல்லுகிற மோதினாரைத் தவிர யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்குக் கண் சொருகியது, உடம்பு தூக்கிப்போட்டது, சின்ன விரல்கள் துண்டோடு சேர்த்து இவன் காதைப் பிடித்து இழுத்தன. அவ்வளவுதான் தெரியும். தொண்டை தன்னால் திறந்துகொண்டது, மேடையில் திறந்த மாதிரியே. "ஏய்யா, யாராவது ஒருத்தர் ஊதிட்டுப் போங்கய்யா!"

மைக் இல்லாமலே அது ரோடு முழுக்கக் கேட்டது. அந்தக் குரலை யாருக்குத்தான் தெரியாது? போனவர்களெல்லாம் நின்று திரும்பினார்கள். பீடிக்காரப் பெண் இவனை மேலும் கீழும் பார்த்து, "அட பாவி, நீதானா அது?" என்றாள். டீக்கடைப் பெஞ்சு கிறீச்சிட்டது. பிள்ளை அப்பன் போட்ட சத்தத்தில் இன்னும் மிரண்டுபோய் மூச்சுப் பிடித்து அழத் தொடங்கினாள்; இவன் குரலே அவளுக்கு வெடிச் சத்தம் மாதிரி இருந்திருக்கிறது, அது அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. இல்யாஸ் படியிலிருந்து இறங்கிவந்தான். "நீங்கதான வேண்டாம்னீங்க?" என்று கேட்டான். நக்கலாகக் கேட்கவில்லை, நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றான் பலவேசம். "இப்பம் நான்தான் கேக்கேன். பிள்ளை தூங்கி நாலஞ்சு நாளாச்சு." வேறு என்னென்னவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது, சிலிண்டரைச் சொல்ல வேண்டும், படிச் சுவரைச் சொல்ல வேண்டும், கொட்டாவியைக்கூடச் சொல்லிவிடலாம். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல? இல்யாஸ் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். அவன் வீட்டிலும் இதே வயசில் ஒன்று இருக்கிறது, பலவேசம் பஜாரில் பார்த்திருக்கிறான். "நான் ஊதமாட்டேன். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது" என்றான் இல்யாஸ். சொல்லிவிட்டு மைதீன்பிச்சை மாமாவைத் திரும்பிப் பார்த்து, "நீங்க ஊதணும்னா ஊதுங்க மாமா, நான் ஒண்ணும் சொல்லலை" என்று ஒதுங்கி வழிவிட்டான். கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தார். "துண்டை எடுடே" என்றார். "பிள்ளைக்குத்தான மாமா..." "பிள்ளையைத் தூக்கிட்டு நிக்கவன் மேலயும் காத்து விழணும். மூடிட்டு நின்னா எப்படி? உங்கம்மை முக்காட்டை எடுத்துட்டுத்தான் நிப்பா." எதிரே கார்த்தீசன் எழுந்து நிற்பது தெரிந்தது, கையில் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதும் தெரிந்தது. துண்டுக்கு உள்ளே இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரத்துக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம், அது நான் இல்லை என்றுகூடச் சொல்லலாம். எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அமைப்பு, பொறுப்பு, மாலை, மேடை எல்லாம் இந்த நிமிஷத்தோடு சரி. பலவேசம் ஒரு கையால் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். மதில் மேல் டியூப்லைட் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். என்ன ஓதுகிறார் என்று இவனுக்கு எப்போதும் விளங்கியது கிடையாது, அம்மா இடுப்பில் இருந்தபோதும் விளங்கியது கிடையாது. உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் ஃபூ என்று ஊதினார், பல் இல்லாத வாய் ஆகையால் காற்று நாலா பக்கமும் சிதறி, பிள்ளையின் உச்சியிலும் இவன் நெற்றியிலும் கண்ணிலும் சேர்ந்து பட்டது. டீ வாசமும் கிராம்பு வாசமுமாக இருந்தது. இவன் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று தடவை ஊதினார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, இது யார் புதிதாக என்பது போல் அவர் தாடியைப் பார்த்தாள். பீடிக்காரப் பெண் பையனை முன்னால் நீட்டி, "எனக்கும் மாமா" என்றாள். அதுவரை தள்ளி நின்றவர்களில் ரெண்டு பேர், பிறகு இன்னொருத்தர், வந்து மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். வராதவர்களும் உண்டு, அவர்கள் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இல்யாஸ் மதில் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பலவேசம் அவன் பக்கத்தில் போய் நின்று, மதிலுக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தான். அப்புறம், "மோட்டார்ல பேரிங் போச்சு" என்றான். "தெரியும். ரெண்டு நாளாச் சத்தம் போடுது" என்றான் இல்யாஸ். பலவேசத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. நின்றுவிட்டு மறுபடி அதிர்ந்தது. பிள்ளைக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது, தலை மெல்லச் சாய்ந்து கழுத்துக்குள் புகுந்தது. பலவேசம் காத்திருந்தான். இதோ தூக்கிப்போடும், இதோ கை ரெண்டும் பாயும் என்று காத்திருந்தான். வாய் லேசாகத் திறந்தது, ஒரு பெருமூச்சு வந்தது, விரல்கள் இவன் சட்டைக் காலரை விட்டுத் தளர்ந்தன. போன் மூன்றாவது தடவை அதிர்ந்தபோது, அந்த அதிர்வு பிள்ளையின் காலில் படுமே என்று பயந்து, ஒரு கையால் மெதுவாக எடுத்துக் காதில் வைத்தான். "என்னண்ணே இது அநியாயம்! நீங்களா அங்க நிக்கிய? குரூப்புல எல்லாவனும் கேக்கான், நான் என்ன பதில் சொல்ல?" என்று கார்த்தீசன் கத்தினான். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது, காதுக்குள்ளும் கேட்டது.

"சத்தம் போடாதடே" என்றான் பலவேசம். "பிள்ளை தூங்குது."